கம்ப்யூட்டர் அறைக்கு எந்தத் தீயணைப்புக் கருவி?

சென்ற பொங்கல் விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிளஸ் டூ படிக்கும் தங்கைக்காக வாங்கியது. மேஜைக்கு அடியில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். யு.பி.எஸ்., மோடம், செல்போன் சார்ஜர், கொசுவை விரட்டும் மெஷின் எல்லாம் அதில்தான். அன்று காலையில் இஸ்திரிப் பெட்டியையும் அதிலேயே செருகிவிட்டார்கள்.

முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பிறகு மேஜைக்கு அடியிலிருந்து புகை. நான் எட்டிப் பார்த்தபோது பாக்ஸிலிருந்து எழுந்த தீ, பக்கத்தில் சுருட்டிச் சாத்தி வைத்திருந்த பத்தமடைப் பாயின் ஓரத்தைப் பிடித்துவிட்டிருந்தது.

"ஏலே, தண்ணியக் கொண்டால!" என்று கத்திக்கொண்டே சித்தப்பா தானே அடுக்களைக்குப் போய்க் குடத்தைத் தூக்கி வந்துவிட்டார். "ஊத்தாதீங்க சித்தப்பா, கரண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, முன் வராந்தாவுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கினேன். விளக்கும் பேனும் நின்றன. திரும்பி வந்தால் சித்தப்பா குடத்தோடு தயாராக நிற்கிறார். "மெயினத்தான் ஆஃப் பண்ணிட்டேல்லா, இப்ப ஊத்தலாம்லா?"

அப்போதுதான் மானிட்டரைப் பார்த்தேன். அது எரிந்துகொண்டே இருந்தது. நெருப்பில் அல்ல, வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டு. யு.பி.எஸ். "பீப் பீப்" என்று கத்திக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தால் யு.பி.எஸ். என்ன செய்யும்? எதற்காக வாங்கினோமோ அந்த வேலையைத்தான் செய்யும். தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சித்தப்பா ஊற்ற இருந்த தண்ணீர் அந்த வயர்களின் மேல்தான் விழுந்திருக்கும்.

யு.பி.எஸ்ஸின் பட்டனை அழுத்தி அணைத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன், டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், தன் கடையில் இருந்த சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னைப் பிடுங்கி அடித்தார். சில விநாடிகளில் தீ அணைந்தது. அறை முழுவதும் வெள்ளையாக மாவு கொட்டியதுபோல் ஆகிவிட்டது. வீடு தப்பியது. மூன்று வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, வாரண்டி எத்தனை ஆண்டு என்று நாம் பல கேள்விகள் கேட்கிறோம். அது வைக்கப்படும் அறையில் தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது என்று யாரும் கேட்பதில்லை. நானும் அன்றுவரை கேட்டதில்லை. கம்பெனியில் ஆண்டுக்கு ஒருமுறை தீயணைப்புப் பயிற்சி நடக்கும்போது கையில் காபியோடு ஓரமாக நின்றவன்தான் நான்.

தீயிலும் ரகம் உண்டு

எல்லாத் தீயும் ஒன்றல்ல. எது எரிகிறது என்பதை வைத்து அதை வகை பிரித்திருக்கிறார்கள். சிலிண்டரின் மேல் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி எழுத்துகள் இவைதான்.

ஏ வகை: மரம், துணி, காகிதம், பாய், பஞ்சு, பிளாஸ்டிக் போன்ற திடப் பொருட்கள். எரிந்தபின் பெரும்பாலும் கங்கு விடும். பி வகை: பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், பெயின்ட் போன்ற திரவங்கள். சி வகை: சமையல் காஸ் போன்ற வாயுக்கள். டி வகை: மெக்னீசியம், அலுமினியத் தூள் போன்ற உலோகங்கள். சிவகாசி பக்கம் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வகை நன்றாகத் தெரியும். வீட்டில் இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சமையல் எண்ணெயைத் தனியாக எப் வகை என்பார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரிக்கும் வாணலியில் தீப்பிடித்தால் அது எப் வகை. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், சிலிண்டரைக் கிட்டத்தில் பிடித்து அடிக்கவும் வேண்டாம். வேகத்தில் எண்ணெய் வெளியே தெறிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியை ஒரு தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருந்தால் போதும்.

இதில் மின்சாரத் தீ எங்கே என்று கேட்பீர்கள். நம் நாட்டு முறைப்படி அதற்குத் தனி எழுத்து கிடையாது. காரணம் எளிது. மின்சாரம் எரிவதில்லை. அது தீயைப் பற்ற வைக்கிறது. எரிவது வயரின் பிளாஸ்டிக்கும் பக்கத்தில் உள்ள பாயும்தான். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தில் நடந்த தீ விபத்து நினைவிருக்கலாம். மணமகன் உட்படப் பலர் இறந்தார்கள். வீடியோ எடுக்கும் விளக்கின் மின்சாரக் கோளாறில் தொடங்கியது என்றார்கள். ஆனால் உயிரைக் குடித்தது கீற்றுப் பந்தல். வீட்டிலும் அதே கதைதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் மிச்சம் இருப்பது சாதாரண ஏ வகைத் தீ. துண்டிக்காதவரை அது தண்ணீர் படக்கூடாத தீ.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 'சி' என்ற எழுத்துக்கு மின்சாரத் தீ என்று பொருள். நம் ஊரில் 'சி' என்றால் காஸ். ஆன்லைனில் வெளிநாட்டுச் சரக்கை வாங்குபவர்களும், அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்களும் இதில் குழம்பிப் போகிறார்கள். எழுத்தை மட்டும் பார்க்காமல், கூடவே போட்டிருக்கும் படத்தையும், மின்சாரக் கருவிகளின் மேல் பயன்படுத்தலாமா கூடாதா என்று எழுதியிருப்பதையும் படியுங்கள்.

தண்ணீரும் நுரையும்

இவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தண்ணீர் சிலிண்டர் ஏ வகைக்கு மட்டும். நுரை சிலிண்டர் ஏ, பி இரண்டுக்கும் ஆகும். பெட்ரோல் பங்குகளில் பார்த்திருப்பீர்கள். நுரையிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கம்ப்யூட்டர் அறையில் இரண்டும் வேண்டாம்.

பவுடர்: வீட்டைக் காக்கும், கம்ப்யூட்டரைக் காக்காது

கடைகளில் அதிகம் கிடைப்பதும் விலை குறைவாக இருப்பதும் ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர்தான். பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டு வந்ததும் இதுதான். உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற பொடி. லேபிளில் 'மேப்' என்று போட்டு 50 அல்லது 90 என்று எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண், பொடியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அந்த உப்பு என்பதைக் குறிக்கும். 90 கூடுதல் வீரியம், கூடுதல் விலை.

இந்தப் பொடி தீயின் ரசாயன வேலையைக் குறுக்கே புகுந்து நிறுத்துகிறது. அதோடு சூட்டில் உருகி, எரியும் பொருளின்மேல் ஒரு பாகு மாதிரிப் படிந்து காற்றுப் படாமல் மூடிக்கொள்கிறது. பாய், துணி, மரம் என எதுவானாலும் மறுபடி கங்கு மூளாமல் இருப்பதற்கு இதுவே காரணம். மின்சாரம் ஓடும் கருவியின் மேலும் அடிக்கலாம். 1,000 வோல்ட் வரை, 1 மீட்டர் தள்ளி நின்று அடிக்கலாம் என்று பல சிலிண்டர்களின் லேபிளிலேயே இருக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் ஏன் செத்தது? பொடி மிக மிக மெல்லியது. கேபினெட்டின் காற்று ஓட்டைகள், யு.எஸ்.பி. துளைகள், கீபோர்டு இடுக்குகள் எல்லாவற்றிலும் நுழைந்துவிடும். உலர்ந்து கிடக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. ஈரம் பட்டால் அது அமிலத்தன்மை கொண்ட பசையாகி, போர்டில் உள்ள செம்புக் கோடுகளையும் ஈயப் பற்றுகளையும் அரிக்கத் தொடங்கும். அன்று சாயங்காலம் சித்தி மனசு கேட்காமல் கேபினெட்டைத் திறந்து ஈரத் துணியால் அழகாகத் துடைத்து வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது மதர்போர்டில் பச்சை பூத்திருந்தது. வீடு துடைப்பதில் சித்தியை மிஞ்ச ஆள் கிடையாது. துடைக்காமல் விட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், ஸ்விட்சைப் போடாதீர்கள். ஈரத்துணியைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். எல்லா வயர்களையும் கழற்றி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷாலும் பிளோயராலும் திறந்த வெளியில் வைத்துப் பொடியை நீக்க வேண்டும். மிச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சர்வீஸ் சென்டரில் துடைத்துக் கொடுப்பார்கள். நாள் கடத்தாமல் அன்றே செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

கார்பன் டை ஆக்ஸைடு: சுத்தமானது, ஆனால் கவனம் தேவை

வங்கியிலும் அலுவலகத்திலும் சர்வர் அறை வாசலில், முன்னால் கறுப்புக் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. காஸ் வெளியே வந்து தீயைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளிவிடுகிறது; தீ மூச்சுத் திணறி அணைகிறது. பிறகு காஸ் கலைந்து போய்விடும். பொடி இல்லை, ஈரம் இல்லை. எரியாத பாகங்களை அப்படியே காப்பாற்றலாம். மின்சாரத்தைக் கடத்தாது.

குறைகளும் உண்டு. சிறிய சிலிண்டர் சுமார் 8 முதல் 10 விநாடிதான் வரும். காஸ் கலைந்ததும் சூடு அப்படியே இருப்பதால் பாய், மெத்தை போன்றவை மறுபடி பற்றிக்கொள்ளும். எங்கள் சித்தப்பா வீட்டுப் பாயை இது முழுதாக அணைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. ஜன்னல் சாத்திய சிறிய அறையில் அடித்தால் தீக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் மூச்சு முட்டும். அடித்தவுடன் வெளியே வந்துவிட வேண்டும். காஸ் வெளிவரும் இடத்தில் குளிர் மைனஸ் 78 டிகிரி வரை போகும் என்பதால் கொம்பை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கைப்பிடியை மட்டும் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. இதில் அழுத்தம் காட்டும் மீட்டர் இருக்காது. உள்ளே காஸ் இருக்கிறதா என்று அறிய எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. சிலிண்டரின் மேல் காலி எடையும் முழு எடையும் பொறித்திருக்கும். காஸில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். குலுக்கிப் பார்த்தால் உள்ளே திரவம் ஆடுவது தெரியும் என்று சிலர் சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு திரவமாக இருக்கவே முடியாது. நம் நெல்லையில் சித்திரை மாதம் 31 டிகிரிக்குக் கீழே இருக்கும் அறையை எங்கே போய்த் தேடுவது?

இவை இரண்டுக்கும் அப்பால் 'கிளீன் ஏஜென்ட்' என்று ஒரு ரகம் விற்கிறது. முன்பு கம்ப்யூட்டர் அறைகளுக்கு ஹேலான் என்ற காஸ்தான் ராஜா. அது ஓசோன் படலத்தை ஓட்டையாக்குகிறது என்று தெரிந்ததும் மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 1994இலும் நம்மைப் போன்ற நாடுகள் 2010இலும் அதன் உற்பத்தியை நிறுத்தின. அதன் இடத்துக்கு வந்தவைதான் எச்.எப்.சி. 236 எப்.ஏ. போன்றவை. கார்பன் டை ஆக்ஸைடு போலவே சுத்தம், தூக்கவும் லேசு. விலைதான் கை சுடும். வீட்டுக்கு இது ஆடம்பரம் என்பது என் கருத்து.

மெயினை அணைத்தாலும் ஓயாத மின்சாரம்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான இணைய தளங்கள் படுத்துவிட்டன. அங்கே போன தீயணைப்பு வீரர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது தீ மட்டுமல்ல. கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டிக்கவே மூன்று மணி நேரம் பிடித்தது என்று அவர்களது அறிக்கை சொன்னது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தும் ஸ்விட்ச் அங்கே இல்லை. கரண்ட் போனால் நின்றுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடம், நிற்க வேண்டிய நேரத்திலும் நிற்க மறுத்தது.

சித்தப்பா வீட்டில் நடந்ததும் அதுவேதான், அளவில் சிறியது. உங்கள் வீட்டில் யு.பி.எஸ்ஸோடு இன்வெர்ட்டரும் இருக்குமானால் இன்னும் கவனம் வேண்டும். 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை ஆட்டி வைத்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் இன்றும் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மெயினை இறக்கியதும் அது உஷாராகி, தன்னோடு இணைத்த விளக்கு, பேன், சில வீடுகளில் கம்ப்யூட்டர் பிளக் வரைக்கும் மின்சாரம் அனுப்பும். ஆகவே அணைக்க வேண்டியவை மூன்று: மெயின், இன்வெர்ட்டர், யு.பி.எஸ். கையில் எது முதலில் சிக்குகிறதோ அதில் தொடங்குங்கள், ஆனால் மூன்றையும் முடிக்காமல் தண்ணீரைத் தொடாதீர்கள். யு.பி.எஸ்ஸே எரிகிறது, பட்டனை நெருங்க முடியவில்லை என்றால் தண்ணீர் பற்றிய பேச்சே வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரியும் யு.பி.எஸ். பேட்டரியும் பெரும்பாலும் ஈய அமில ரகம். சார்ஜ் ஏறும்போது இன்வெர்ட்டர் பேட்டரி ஹைட்ரஜன் காஸை வெளியே விடும். மூடிய அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் ஒரு பொறி போதும். அதன்மேல் பழைய பேப்பர் அடுக்குவதும், துணி காயப் போடுவதும் நம் ஊரில் சாதாரணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜங்ஷன் பக்கம் எத்தனையோ வீடுகளில் யு.பி.எஸ்ஸும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சேற்றுத் தண்ணீரில் கிடந்தன. வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டியவர்களை எனக்குத் தெரியும். காய்ந்த சேறும் உப்பும் உள்ளே கம்பிகளுக்கு நடுவே பாலம் போட்டுக்கொண்டு இருக்கும். அதைச் சோதிக்காமல் மாட்டுவது தீயைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைப்பது போல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நனைந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

லித்தியம் பேட்டரி வேறு சாதி நெருப்பு

லேப்டாப், செல்போன், பவர் பேங்க், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், இப்போது வரும் சில யு.பி.எஸ்.கள் எல்லாம் லித்தியம் அயான் பேட்டரியில் ஓடுகின்றன. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2016இல் சாம்சங் நோட் 7 போன் விமானங்களில் தடை செய்யப்பட்டது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

இந்த பேட்டரியில் ஒரு செல் சூடாகி வெடித்தால் அந்தச் சூடு அடுத்த செல்லைக் கிளப்பிவிடும். தீக்கு வேண்டியது பெட்டிக்குள்ளேயே இருப்பதால், காற்றைத் தடுக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே தெரியும் சுவாலையை மட்டும் அடக்கும். உள்ளே வேலை தொடரும். பவுடரும் அப்படித்தான். இதற்கு வேண்டியது குளிர்ச்சி. விந்தை என்னவென்றால், லேப்டாப், செல்போன் போன்ற சிறிய பேட்டரிகளுக்குச் சார்ஜரைப் பிடுங்கிய பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. விமானப் பணியாளர்களுக்கும் அப்படித்தான் பயிற்சி தருகிறார்கள். சித்தப்பாவின் குடம் அங்கே சரி, இங்கே தப்பு. ஸ்கூட்டர் போன்ற பெரிய பேட்டரி என்றால் வீரம் காட்டாமல் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். அந்தப் புகை நஞ்சு. லேப்டாப் பேட்டரி வயிறு ஊதியதுபோல் உப்பிவிட்டால் அன்றோடு அதைச் சார்ஜ் செய்வதை நிறுத்திவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

ஒன்றே ஒன்று வாங்கத்தான் வசதி என்றால் 2 கிலோ ஏ.பி.சி. பவுடர் வாங்குங்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதிக்கொண்டு கம்ப்யூட்டரைக் கெடுக்கும் பொடியைச் சிபாரிசு செய்கிறானே என்று நினைக்கலாம். வீட்டில் பாயும் மெத்தையும் புத்தகமும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் அன்று கார்பன் டை ஆக்ஸைடு கொண்டு வந்திருந்தால் மதர்போர்டு பிழைத்திருக்கும், அறை பிழைத்திருக்குமோ என்னவோ. அவர் செய்தது சரி. இரண்டு வாங்க முடிந்தால் இரண்டாவதாகக் கம்ப்யூட்டர் அறைக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வாங்கலாம். காஸ் 2 கிலோதான் என்றாலும், இரும்புச் சிலிண்டரோடு சேர்த்து மூன்று மடங்குக்குப் பக்கம் கனக்கும். வீட்டில் உள்ள பெண்களும் பெரியவர்களும் தூக்க முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். தயாரித்த தேதியையும் அடுத்து நிரப்ப வேண்டிய தேதியையும் படியுங்கள். பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் இருக்க வேண்டும். உள்ளூரில் நிரப்பித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஒரு விநாடி அடித்துப் பார்த்தாலும் அதை மறுபடி நிரப்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வால்வில் பொடி சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

மாட்டும் இடம் முக்கியம். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீப்பிடிக்கும் இடத்துக்கே போய் எப்படி எடுப்பீர்கள்? அறையை விட்டு வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பீரோவுக்கு மேல் வேண்டாம், வெயில் படும் இடமும் வேண்டாம்.

அடிக்கும்போது கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பின்னைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சுவாலையின் தலையை விட்டுவிட்டு அடியைக் குறி வைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக ஆட்டுங்கள். சிலிண்டர் தீர்ந்தும் தீ தீரவில்லை என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள். 101க்குப் போன் செய்வதைச் சிலிண்டரை எடுப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் செய்துவிட வேண்டும். 112ம் வேலை செய்யும். நெல்லை டவுனில் ரத வீதியைத் தாண்டிச் சந்துக்குள் இருப்பவர்கள் வண்டி எதுவரை வரும் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொண்டு, தெருமுனையில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

எந்தச் சிலிண்டரும் காக்காத ஒன்று

2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவில் டேஜான் நகரில் உள்ள அரசின் டேட்டா சென்டரில், யு.பி.எஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. ஏறத்தாழ 22 மணி நேரம் எரிந்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வேறு இடத்தில் நகல் இல்லை. பெரிய அமைப்பு, நகல் எடுப்பது கஷ்டம் என்று விட்டிருந்தார்களாம்.

சித்தப்பாவின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது அவ்வளவு பெரிய சங்கதி அல்ல. ஆச்சி இறப்பதற்கு முந்தைய ஆண்டில் எடுத்த போட்டோக்கள். பழைய செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு, இடம் வேண்டும் என்று போனில் அழித்துவிட்டார்கள். மதர்போர்டு போன பிறகு சித்தப்பா கேட்ட முதல் கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றியதல்ல. "ஆச்சி படம் போயிட்டாடே?"

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதன் போர்டைச் சுத்தம் செய்து, என் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியில் படித்தது. அன்று ராத்திரியே போட்டோக்களை இரண்டு பென் டிரைவில் ஏற்றினோம். ஒன்று அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டில் இருக்கிறது. இன்னொரு நகல் இணையத்தில்.

இப்போது சித்தப்பா வீட்டு முன் அறைக் கதவோரம் பவுடர் சிலிண்டர் தொங்குகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போய், சுவரிலேயே தனி பிளக் பாயின்டுகள் வந்துவிட்டன. இஸ்திரிப் பெட்டிக்குத் தனி 15 ஆம்பியர் பாயின்ட். தங்கை யு.பி.எஸ். பட்டனுக்கு மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "மெயினுக்குப் பிறகு இது" என்று எழுதி வைத்திருக்கிறாள். பாயை மாடிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.